மூன்றாவது விசாரிப்பு

பாச்சாக் ஊரில் எல்லா வீட்டு வாசல் நிலையும் தாழ்வானதுதான். ஊர்க்காரர்கள் தங்கள் உயரத்துக்குக் கட்டிக்கொண்டது, அதனால் அவர்கள் யாரும் முட்டிக்கொள்வதில்லை. ஜூன் மாதம் பிறந்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து இறங்கினால்தான் வீட்டுக்கு வீடு மண்டை இடிபடும் சத்தம் கேட்கும். பெத்ரோனா தன் வீட்டு நிலையில் ஒரு பழைய கம்பளித் துண்டைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள். அப்படியும் எலேனா முதல் வாரம் முழுக்க நெற்றி வீங்கியே திரிந்தாள்.

எலேனாவின் நிஜப்பெயர் ஹெலன். அது யார் வாயிலும் நுழையாததால் எலேனா ஆகிவிட்டாள். வடக்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து, அந்த மலைக்காரர்கள் பேசுகிற கிச்சே மொழியைப் படிக்க வந்தவள். சிரியாகோ வாத்தியார்தான் அந்தக் கோடைக்கால வகுப்பை நடத்தி வந்தார். காலையில் பள்ளிக்கூட மாடியில் பாடம். மத்தியானத்துக்கு மேல் ஆளுக்கு ஒரு வீடு. அந்த வீட்டுப் பிள்ளையாகவே இருந்து, ரொட்டி தட்டி, விறகு சுமந்து, ஆவிக்குடிலில் குளித்து, அந்த வீட்டுப் பேச்சைப் பேசவேண்டும். வீட்டுக்குள் ஸ்பானியம் ஒரு வார்த்தை வரக்கூடாது என்பது வாத்தியாரின் சட்டம். பெத்ரோனாவுக்கு அந்தச் சட்டத்தால் ஒரு கஷ்டமும் இல்லை, அவளுக்கு ஸ்பானியம் சந்தையோடு சரி. புருஷன் கடற்கரைக் கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க் காய்ச்சலில் செத்த பிறகு, அவளும் மகன் லொரென்சோவும் மட்டும்தான் அந்த வீட்டில். கூட ஒரு பெண் இருந்தால் அடுப்படிக்குக் கலகலப்பு என்றுதான் முதலில் ஒத்துக்கொண்டாள்.

அந்த முதல் வருஷம் நடந்ததைச் சொல்லிச் சொல்லி லொரென்சோ பல வருஷம் சிரித்தான். கோவில் பெரியவர் ஒருவர் வாசலில் வந்து நின்று, வழக்கப்படி, "நல்லா இருக்கியாம்மா?" என்று எலேனாவைக் கேட்டார். அன்று காலைதான் வகுப்பில் வயிறு, தலை, கை, கால் எல்லாம் பாடமாகியிருந்தது. எலேனா நின்ற நிலையில், படித்ததையெல்லாம் போட்டு, தன் வயிறு எப்போதிலிருந்து போகிறது, எப்படிப் போகிறது என்று விலாவாரியாக எடுத்துச் சொன்னாள். பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஏதோ சாவுச் செய்தி கேட்பவர் மாதிரி நின்றார். லொரென்சோ விறகுக்கட்டு மேலேயே விழுந்து புரண்டான்.

அவர் போனதும் பெத்ரோனா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அடியே, வாசல்ல நிக்கிற மனுஷன்கிட்ட யாராவது வயித்தைப் பத்திச் சொல்லுவாங்களா? மொதல்ல கேட்டா, நல்லா இருக்கேன், கடவுள் புண்ணியம்னு சொல்லு. ரெண்டாவது கேட்டாலும் நல்லா இருக்கேன். அப்புறம் உக்காந்து, கையில கஞ்சி வாங்கி, மூணாவது தடவை கேட்பாங்க பாரு, அப்பச் சொல்லு. மூணாவது கேக்குறவங்கதான் நெஜமா கேக்குறவங்க."

"மூணாவது கேட்கலைன்னா?" என்றாள் எலேனா, தட்டுத்தடுமாறி.

"கேக்கலைன்னா அவங்களுக்கு உன் கஷ்டம் வேண்டாம்னு அர்த்தம். வேண்டாதவங்க தலையில எதுக்குக் கொண்டுபோய்க் கொட்டணும்?"

லொரென்சோ இடையில் புகுந்தான். "நல்லாக் கேட்டுக்கோ அக்கா. எங்கம்மா வாயால மட்டும் சொல்லிக்குடுக்கிற ஆள் இல்ல. ஆறு வயசுல நான் வீட்ல பயறு இல்ல, அம்மா அழுதாங்கன்னு வந்தவங்ககிட்ட உளறிட்டேன். வாய் மேலயே ஒண்ணு விட்டாங்க. இன்னும் எரியுது."

"எரியட்டும். அப்பத்தான் மறக்காது" என்றாள் பெத்ரோனா.

எலேனாவும் மறக்கவில்லை. அடுத்த கோடையில் அவளுடைய அப்பா இறந்துபோன சேதி பள்ளிக்கூடத்துக்குப் போனில் வந்தது. அவள் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள், நிலையில் முட்டிக்கொள்ளாமல் குனிந்தாள். முகத்தைப் பார்த்ததுமே பெத்ரோனாவுக்குத் தெரிந்துவிட்டது. நல்லா இருக்கியா என்றாள். நல்லா இருக்கேன் என்றது பெண். மணையை நகர்த்திப் போட்டு மறுபடி கேட்டாள். நல்லா இருக்கேன், கடவுள் புண்ணியம். கஞ்சியை ஊற்றிக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றாவது தடவை கேட்டாள். அப்போதுதான் எலேனா உடைந்தாள். அன்று பெத்ரோனா அவளை மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள். அழுகைக்கு நடுவே அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இவள் இனி என் வயிற்றுப் பிள்ளைதான் என்று பக்கத்து வீட்டு சபீனாவிடம் சொன்னாள்.

"உன் வயித்துப் பிள்ளைக்குக் கால் மட்டும் பனைமரம் மாதிரி வளந்திருக்கே" என்றாள் சபீனா. சபீனாவுக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கம் இல்லை.

இப்படியே நாலைந்து கோடைகள் போயின. அதில் கடைசிக் கோடையில் எலேனா மாணவியாக வரவில்லை. படிப்பு முடிந்து, தன் ஊரில் வீட்டிலிருந்தபடியே போனில் மொழிபெயர்க்கும் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். அவள் நாட்டுக்குள் நுழையப் பார்த்து எல்லையில் பிடிபடுகிறவர்களை அதிகாரிகள் விசாரிப்பார்கள். கிச்சே மட்டும் தெரிந்த ஆள் என்றால் இவளைக் கூப்பிடுவார்கள்.

"ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லக்கூடாது, குறைச்சும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்மா" என்றாள்.

"அப்ப ஒருநாள் நான் அங்க வந்து மாட்டிக்கிட்டு, நீயே போன்ல வந்துட்டா?" என்று லொரென்சோ கேட்டான்.

"தெரிஞ்ச ஆள்னா உடனே சொல்லிட்டு விலகிடணும்."

"பாத்தியாம்மா, இவ்வளவு ரொட்டி தின்னுட்டு என் குரலைக் கேட்டா போனை வெச்சுடுவாளாம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அப்போது அவன் தலைநகருக்குப் போகிற பஸ்ஸில் கிளீனராக இருந்தான். கூரை மேல் ஏறி மூட்டை கட்டுவதும், படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர்களைக் கத்துவதும் அவனுக்குப் பிடித்த வேலை. வடக்கே போகிற எண்ணம் அவனுக்குக் கனவில்கூட இருந்ததில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம், மலை வளைவில் மோட்டார் சைக்கிளில் வந்த மாமூல் கும்பல் ஆட்கள் இரண்டு பேர் அந்த பஸ் டிரைவரைச் சுட்டார்கள். லொரென்சோ படியில் நின்றுகொண்டிருந்தான். சுட்டவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். போலீஸ் படங்களைக் காட்டியபோது இவன்தான் என்று விரல் வைத்துச் சொல்லியும் விட்டான். டிரைவர் அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை. சில நாள் கழித்து பஸ் நிலையத்தில் யாரோ அவன் வீடு எங்கே என்று விசாரித்தார்கள். வெறுமனே விசாரிக்கவில்லை, பெத்ரோனா மகன் லொரென்சோ என்று தாய் பெயரையும் சேர்த்து விசாரித்தார்கள். அந்த வாரமே அவன் ஊரைவிட்டுக் கிளம்பினான். போகும்போது அம்மா, நீ சபீனா அக்கா வீட்டிலேயே படுத்துக்கொள் என்று மட்டும் சொன்னான்.

அதன்பிறகு பெத்ரோனா பிழைத்துக் கிடந்தது ஒரே ஒரு நம்பிக்கையில்தான். மகன் எல்லையில் பிடிபட்டான் என்று சேதி வந்தது. பயப்படாமல் நடந்ததைச் சொன்னால் அங்கேயே இருக்க விடுவார்களாம், சரியாகச் சொல்லத் தெரியாவிட்டால் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். திரும்பி வந்தால் அவனை உயிரோடு விடமாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

"என் அக்கா மகன் சொல்லலையா, எல்லாந்தான் சொன்னான்" என்றாள் சபீனா. "என்ன புண்ணியம்? மொழிபெயர்க்க ஸ்பானியக்காரனை வெச்சாங்க. இவன் ஒண்ணு சொல்ல அவன் ஒண்ணு சொல்ல, அடுத்த பிளேன்ல இங்க வந்து நின்னான். நம்ம பேச்சு தெரிஞ்ச ஆள் கெடைக்கணும். அது பெரிய அதிர்ஷ்டம் இருந்தாத்தான்."

"எலேனா இருக்காளே."

"ஆமா, அந்த ஊர்ல போன் அடிச்சா எலேனாதான் எடுப்பா, வேற வேலையில்ல அவளுக்கு. எதுக்கும் வேண்டிக்கோ. இத்தனை வருஷம் அவளுக்குச் சோறு ஆக்கிப் போட்ட கை, அது சும்மாப் போகாது."

பெத்ரோனா வேண்டிக்கொண்டாள். கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். அதோடு விடாமல் ஊற்றுக்கு மேலே ஊரார் கும்பிடுகிற பாறையிடம் போய்ச் சாம்பிராணி போட்டு, என் மகன் வாய் திறக்கும்போது எலேனா காதில் விழட்டும் என்று கேட்டாள். வேறு எதையும் கேட்கவில்லை. வேறு எதையாவது கேட்டிருக்கலாம் என்று பின்னால் நினைத்து நினைத்து அவள் நெஞ்சு வெந்தது.

பிப்ரவரியில், காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், லொரென்சோ வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் பெல்ட்டும் ஷூ கயிறும் கிடந்தன. விமானத்தில் ஏற்றும்போது கழற்றி வாங்கியதை இறங்கியதும் கொடுத்திருக்கிறார்கள், அவன் இன்னும் கட்டிக்கொள்ளவில்லை.

பெத்ரோனா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஆனாலும் வாய் தன் வழக்கத்தை விடவில்லை.

"நல்லா இருக்கியாப்பா?"

"நல்லா இருக்கேன்மா, கடவுள் புண்ணியம்."

உட்கார வைத்தாள். மறுபடி கேட்டாள், அவனும் மறுபடி அதையே சொன்னான். கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டு மூன்றாவது முறை கேட்டபோது அவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"எலேனா அக்காதான்மா பேசுனாங்க."

"யாரு?"

"அக்காதான். மேசை மேல ஒரு போன் இருந்துச்சு. அதிகாரி எதிர்ல உக்காந்திருந்தார். போன்லேருந்து குரல் வந்துச்சு பாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. நான் பேர் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. வெச்சுடுவாங்கன்னு நெனச்சேன். வெக்கல."

"அப்புறம்? எல்லாத்தையும் சொன்னியா?"

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதிகாரி கேட்டதை அக்கா கேட்டாங்க. ஊருக்குத் திரும்பிப் போக பயமா இருக்கான்னு. அப்படியே உன்ன மாதிரி கேட்டாங்கம்மா, அந்த இழுவை, அந்த மரியாதை, எல்லாம் நம்ம அடுப்படிதான். எனக்கு வாய் தானா வந்துடுச்சு. பயம் இல்லக்கா, நல்லா இருக்கேன், கடவுள் இருக்கார்னு சொல்லிட்டேன்."

பெத்ரோனா அவன் கீழே வைத்த கிண்ணத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டாவது தடவை வேற மாதிரி கேட்டாங்க. யாராவது உனக்குக் கெடுதல் பண்ணாங்களா, பண்ணிடுவாங்களான்னு. அப்பவும் அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லன்னேன். எனக்கே தெரியும்மா அது ஆபீஸ்னு. ஆனா மூணாவது கேப்பாங்க, அப்ப டிரைவர் அண்ணனைச் சுட்டதுலேருந்து எல்லாத்தையும் வரிசையாச் சொல்லணும்னு மனசுக்குள்ள எடுத்து வெச்சிருந்தேன். வேற யாராவது ஸ்பானியத்துல வெரட்டியிருந்தாக்கூட கத்தியாவது சொல்லியிருப்பேன்."

"மூணாவது?"

"கேக்கல. நான் சொன்னதெல்லாம் உனக்குப் புரிஞ்சுதான்னு கேட்டார் அதிகாரி. புரிஞ்சுதுன்னேன். எழுந்துட்டார்."

"அவ ஒண்ணும் சொல்லலையா?"

"நான் சொன்னதை அப்படியே சொன்னாங்க. கூட்டல, கொறைக்கல. கடைசில மூச்சு வாங்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் லைன் போயிடுச்சு."

பெத்ரோனா எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். துணி துவைக்கும் தொட்டியருகே நின்று தன் வாய் மேலேயே ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டாள். ஆறு வயதுப் பிள்ளையை அடித்த அதே கை. வேலிக்கு அப்பாலிருந்து சபீனா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். பகலில் கதவு சாத்தியே கிடக்கும். அம்மா அரைத்த மாவை அவன் ரொட்டியாகத் தட்டுவான், ஆண்பிள்ளை தட்டுகிற ரொட்டி என்று தன்னையே கேலி செய்துகொள்வான். ஒருநாளும் அவன் எலேனாவைக் குறை சொல்லவில்லை. பெத்ரோனாதான் ராத்திரியும் பகலும் மனசுக்குள் அந்தப் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எலேனா போனை வைத்துவிட்டிருந்தால் என்ன? வேறு ஆளைப் போட்டிருப்பார்கள், ஸ்பானியக்காரனையே போட்டிருப்பார்கள் என்று பயந்திருப்பாள். பயந்து கையில் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஐயா, இவர்கள் இப்படித்தான், இன்னொரு தடவை கேளுங்கள் என்று? சத்தியம் பண்ணியிருக்கிறாளாம். இந்த உலகத்தில், அந்த ஊரில், அந்த அறையில் பேச்சு கேட்டவர்களில் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சொல்லிக்கொடுத்தவள் நான்தான். இந்த இடத்துக்கு வந்ததும் பெத்ரோனாவின் யோசனை நின்றுவிடும், பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஏப்ரலில் விதைப்பு வந்தது. விதைச்சோளத்தை வீட்டு ஆண்தான் சுமந்துபோய்ச் சோளக்காட்டில் இறக்கவேண்டும். நான் சபீனா புருஷனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று அவள் மன்றாடினாள். ஒரே ஒரு காலை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டு அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டான். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். காட்டு வரப்பிலேயே சுட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். பெத்ரோனா ஓடிப்போனபோது விதை சிதறிக் கிடந்தது, கோழிகள் அதற்குள் வந்துவிட்டிருந்தன. அவள் முதலில் கோழிகளைத்தான் விரட்டினாள்.

புதைத்தார்கள். ஒன்பது நாள் ஜெபம் முடிந்தது. ஊர் முழுக்க வந்து நல்லா இருக்கியா என்று கேட்டது, அவளும் மூன்றாவது தடவையில் சொன்னாள், சொல்லிச் சொல்லி வார்த்தைகள் சப்பென்று போயின. ஒரு வருத்தமும் குறையவில்லை.

ஜூன் பிறந்தது. சிரியாகோ வாத்தியார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"இந்த வருஷம் உன் வீட்டுக்கு யாரையும் போடலம்மா. ஆனா எலேனா வந்திருக்கா. உன்னைப் பாக்கணுங்கிறா. வேண்டாம்னா சொல்லு, நான் ஏதாவது சொல்லி அனுப்பிடுறேன்."

"வரட்டும்" என்றாள் பெத்ரோனா.

அவள் வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. நிலையில் முட்டாமல் குனிந்து வந்தாள். ஊர்ப் பெண்கள் கட்டுகிற நெசவுப் பாவாடைதான் கட்டியிருந்தாள், கறுப்புக் கச்சையோடு. யாரிடம் கேட்டுத் துக்கத்துக்கு உரியதாகக் கட்டிக்கொண்டாளோ தெரியாது, எல்லாம் சரியாக இருந்தது. அந்தச் சரியைப் பார்க்கப் பெத்ரோனாவுக்கு வயிறு எரிந்தது.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

"நல்லா இருக்கேன், கடவுள் புண்ணியம்."

மணையை நகர்த்திப் போட்டாள். எலேனா உட்கார்ந்து மறுபடி கேட்டாள், அதே பதிலை வாங்கிக்கொண்டாள். பெத்ரோனா இரண்டு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினாள். ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்க எப்படி இருக்கீங்க?"

மூன்றாவது. முறைப்படி கேட்டுவிட்டாள். பெத்ரோனாவும் முறைப்படி சொன்னாள்.

"லொரென்சோவை விதைக்கிற அன்னிக்குச் சுட்டுட்டாங்க. கோழி கொத்திக்கிட்டு இருந்துச்சு. இப்ப நான் ஒருத்தியா இருக்கேன். ராத்திரி தூக்கம் இல்ல, சோறு எறங்கல. ஏன் இருக்கேன்னு தெரியல."

எலேனாவின் கண்ணிலிருந்து நீர் கஞ்சியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெத்ரோனாவையே பார்த்தாள். இனி வீட்டுக்காரி கேட்கவேண்டிய முறை. எலேனா எதைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பது இருவருக்கும் தெரியும்.

"நீ நல்லா இருக்கியா?" என்றாள் பெத்ரோனா.

"நல்லா இருக்கேன்மா, கடவுள் புண்ணியம்." குரல் உடைந்திருந்தது, ஆனால் வார்த்தை பிசகவில்லை.

மழை கூரைத் தகரத்தில் இறங்கியது. பெத்ரோனா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்."

எலேனா மூச்சை இழுத்துப் பிடித்தாள். உதடு பிரிந்து காத்திருந்தது. பெத்ரோனா அந்த உதட்டைப் பார்த்தாள். இன்னொரு தடவை கேட்டால் போதும், இந்தப் பெண் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். போனை ஏன் வைக்கவில்லை, வாயை ஏன் திறக்கவில்லை, எத்தனை ராத்திரி அழுதாள், எல்லாம் வரும். கொட்டியதும் மடியில் சாய்வாள். சாய்ந்த தலையைத் தடவிக்கொடுக்க வேண்டியிருக்கும், உன் மேல் குற்றம் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிட்டால் மிச்சக் குற்றம் முழுக்க யார் மேல் வந்து நிற்கும் என்றும் பெத்ரோனாவுக்குத் தெரியும். அதைத் தாங்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அவள் எழுந்து அம்மிப் பக்கம் போய் மண்டியிட்டாள். வேகவைத்த சோளத்தை ஒரு கை அள்ளிப் போட்டு அரைக்க ஆரம்பித்தாள். பின்னால் மணை கிறீச்சிடவில்லை. எலேனா அசையாமல் உட்கார்ந்திருந்தாள், கேட்காததைச் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொண்ட பெண்.

"கஞ்சி ஆறுது, குடி" என்றாள் பெத்ரோனா, திரும்பிப் பார்க்காமல்.

எலேனா குடித்தாள்.